தன் கதைக்குள் தானே வரும் ஓவியர்: எட்டுப் பக்கச் சூப்பர் ஹீரோ சித்திரக்கதைக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

சிலப்பதிகாரத்தின் கடைசிக் காதையான வரந்தரு காதையில், சேரன் செங்குட்டுவன் கண்ணகிக்குக் கோயில் எடுத்து, இலங்கைக் கயவாகு மன்னனும் வந்து வணங்கி, கதை முடிந்துவிட்டது என்று நாம் நினைக்கும் இடத்தில், இளங்கோவடிகள் "யானும் சென்றேன்" என்று சொல்லிக்கொண்டு தாமே கதைக்குள் நுழைகிறார். அதுவரை மறைந்திருந்து கதை சொன்னவரை, தேவந்திகை மேல் தோன்றிய தெய்வம் எதிர்கொண்டு, அவர் ஏன் அரசைத் துறந்தார் என்ற அவருடைய சொந்தக் கதையை அவருக்கே சொல்லுகிறது. ஞானசம்பந்தரும் தம் பதிகங்களைத் திருக்கடைக்காப்பு எனப்படும் இறுதிப் பாடலில் தம் பெயரை வைத்தே முடித்தார். எனவே, படைத்தவர் படைப்புக்குள் வந்து நிற்பது அமெரிக்கக் கொமிக்ஸ் புத்தகங்கள் நமக்குக் கற்றுத்தந்த புதுமை அன்று. ஆனால், பறக்கும் மனிதர்களும் முகமூடிகளும் நிறைந்த கதையில் ஓவியர் தன் முகத்தைத் தானே கீறி வைப்பதற்குத் தனியான சில நுட்பங்கள் உண்டு. அவற்றை யாழ்ப்பாணத்தில் இருந்துகொண்டு, கையில் கிடைக்கும் பொருட்களை வைத்து, எட்டுப் பக்கக் கதை ஒன்றில் எப்படிச் செய்யலாம் என்பதையே இங்கே படிப்படியாக விளக்குகிறேன்.

முதற்படி: எதற்காக உள்ளே போகிறீர்கள் என்று தீர்மானித்தல்

பென்சிலைத் தொடுவதற்கு முன்னர், ஏற்கனவே இதைச் செய்தவர்கள் தங்களை எந்த நிலையில் வைத்தார்கள் என்று பார்ப்பது நல்லது. அபூர்வ வல்லமை பெற்ற நால்வரின் கதையான 'பன்டாஸ்டிக் ஃபோர்' தொடரில், 1963 ஜனவரித் திகதியிட்டு வெளிவந்த பத்தாம் இதழில், எழுத்தாளர் ஸ்டான் லீயும் ஓவியர் ஜாக் கிர்பியும் அடுத்த கதையைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கும் அறைக்குள் வில்லன் டொக்டர் டூம் நேரே வந்துவிடுகிறான். அவன் மிரட்ட, அவர்கள் பயந்து, தங்கள் நாயகனான றீட் றிச்சர்ட்ஸைத் தொலைபேசியில் அழைத்துப் பொறிக்குள் வரவைக்கிறார்கள். அந்தக் கட்டங்களில் இருவருடைய முகங்களும் நமக்குத் தெரியாதபடி வரையப்பட்டுள்ளன. 1965இல் வந்த அதே தொடரின் மூன்றாவது ஆண்டு மலரில், றீட்டுக்கும் சூவுக்கும் திருமணம் நடக்கிறது. அந்தத் திருமணத்தைக் கற்பனை செய்த இருவருமே அழைப்பிதழ் இல்லை என்று வாசலில் திருப்பி அனுப்பப்படுகிறார்கள்.

தாளில் எல்லா அதிகாரமும் கொண்ட இருவர், தங்களை மிரட்டப்படுபவர்களாகவும் வாசலில் தடுக்கப்படுபவர்களாகவும் வரைந்திருக்கிறார்கள் என்பதுதான் இங்கே கவனிக்க வேண்டியது. பின்னர் வந்தவர்களும் பெரும்பாலும் இதே வழியிலேயே போனார்கள். 1984இல் 'பன்டாஸ்டிக் ஃபோர்' 262ஆம் இதழில் ஜோன் பேர்ன் தன்னை வரைந்துகொண்டபோது, றீட் றிச்சர்ட்ஸ் மீதான விண்வெளி விசாரணையைப் பார்த்துப் பதிவு செய்யக் கொண்டுபோகப்பட்ட சாட்சியாகவே வந்தார். 1990இல் 'அனிமல் மான்' 26ஆம் இதழில் எழுத்தாளர் கிராண்ட் மொரிசன் தன் நாயகனுக்கு முன்னால் உட்கார்ந்து, அவனுடைய குடும்பத்தைக் கதைக்காகக் கொன்றது பற்றிப் பதில் சொல்ல வேண்டியிருந்தது. அந்த இதழை வரைந்தவர் சாஸ் ட்ரூக் என்பதால், அது எழுத்தாளரின் வரவே தவிர ஓவியரின் வரவு அல்ல. ஆயினும் பாடம் ஒன்றுதான்: பாராட்டு வாங்குவதற்காக அல்லாமல், கேள்வி கேட்கப்படுவதற்காக உள்ளே போங்கள். உங்கள் நாயகன் உங்களிடம் கேட்கக்கூடிய ஒரு நியாயமான கேள்வி உங்களிடம் இல்லையென்றால், அந்தக் கதைக்கு நீங்கள் தேவைப்படவில்லை.

விதிவிலக்காகத் தோன்றுவது 1978இல் வந்த 'வட் இஃப்' பதினோராம் இதழ். அதில் கிர்பி தன்னையும் தன்னோடு வேலை செய்தவர்களையும் நான்கு நாயகர்களாகவே ஆக்கிவிட்டார். ஸ்டான் லீ மிஸ்டர் பன்டாஸ்டிக்காகவும், அலுவலகத்தில் பணிபுரிந்த ஃப்லோ ஸ்டைன்பேர்க் மறையும் பெண்ணாகவும், சோல் புரொட்ஸ்கி தீ மனிதனாகவும் மாற, கிர்பி தனக்கென்று எடுத்துக்கொண்டது கல்லுடம்பும் முரட்டு முகமும் கொண்ட 'திங்' என்ற பாத்திரத்தை. நால்வரில் மீண்டும் மனித உருவம் பெற முடியாமல் தவிப்பவன் அவன்தான். பலம் கொடுக்கும்போதும் அதன் பாரத்தைத் தானே சுமக்கும் இடத்தில் கிர்பி தன்னை நிறுத்தினார் என்பதால்தான் அந்த இதழ் தற்பெருமையாகப் படவில்லை.

இரண்டாம் படி: நாயகனை இந்த மண்ணின் காற்றில் இருந்து எடுத்தல்

மற்றவர்களுடைய நாயகர்களை வைத்துக் கதை அச்சிடாதீர்கள். நமது தலைமுறைகள் பல, சிவகாசியில் இருந்து 1972 முதல் வந்த முத்து காமிக்ஸின் இரும்புக்கை மாயாவியோடு வளர்ந்தவைதான். ஆனால் அவனும் சிலந்தி மனிதனும் பிறருடைய உடைமைகள். இலங்கையின் 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம், படைத்தவரின் ஆயுட்காலத்துக்கும் அதன் பின் 70 ஆண்டுகளுக்கும் பதிப்புரிமையைக் காக்கிறது. அதைவிட முக்கியமான காரணம் ஒன்றும் உண்டு. நீங்கள் படைக்காத பாத்திரம் உங்களிடம் கணக்குக் கேட்க முடியாது.

இந்த வழிகாட்டி முழுவதும் ஒரே உதாரணத்தைக் கொண்டு செல்வதற்காக, சோளகி என்ற பெண்ணைப் படைத்துக்கொள்வோம். வயது பத்தொன்பது, காரைநகரைச் சேர்ந்தவள், தென்மேற்கில் இருந்து வீசும் சோளகக் காற்று அவள் சொல்லைக் கேட்கும். வாடையும் கொண்டலும் கேட்கா. இந்த ஒரு வரம்பு அவளுடைய வல்லமையை விடப் பெறுமதியானது, ஏனென்றால் யாழ்ப்பாணத்தில் யாருக்கும் விளக்கத் தேவையில்லாத நாட்காட்டி ஒன்றை அது கதைக்குக் கொடுத்துவிடுகிறது. ஆனி, ஆடியில் அவள் வலியவள். தை மாதத்தில், வாடை வீசும்போது, அவள் எல்லோரையும் போல ஒரு பிள்ளை.

இப்போது கதையைத் தைப்பொங்கல் நாளில், வல்வெட்டித்துறைக் கடற்கரையில், பட்டப் போட்டி நடக்கும்போது தொடங்குங்கள். பெரிய பட்டம் ஒன்றின் கயிற்றில் சிக்கிய சிறுவன் மேலே இழுக்கப்படுகிறான். சோளகி கையை உயர்த்துகிறாள், காற்று அசையவில்லை. அவள் உங்களிடம் கேட்க வேண்டிய கேள்வி தானாகவே பிறந்துவிட்டது.

மூன்றாம் படி: உங்களை ஒரு பாத்திரமாக வடிவமைத்தல்

இங்கேதான் அதிகமானவர்கள் தவறுகிறார்கள் என்பதால் சற்று விரிவாகச் சொல்லுகிறேன். முகம் பார்த்து வரைந்த உருவப்படம் ஒன்று கொமிக்ஸ் பாத்திரம் ஆகாது. பாத்திரம் என்பது நாற்பது கட்டங்களில், பல கோணங்களில், சில இடங்களில் நகத்தின் அளவு சிறியதாக வந்தாலும் இன்னார் என்று தெரிய வேண்டியது. நான் முதன்முதலாக என்னை ஒரு கதைக்குள் கீறியபோது, கண்ணாடியைப் பார்த்து நிழல், சுருக்கம் எல்லாவற்றையும் கவனமாகப் போட்டேன். அடுத்த கட்டத்தில் தூரத்தில் நின்ற அதே உருவத்தை வாசித்தவர்கள் யாரும் நான் என்று கண்டுகொள்ளவில்லை. தலைக்கு மேல் அம்புக்குறி போட்டுப் பெயர் எழுத வேண்டிவந்தது.

ஜப்பானிய ஓவியர் ஒசாமு தெசுகா தன் கதைகளில் எத்தனையோ தடவைகள் வருகிறார். ஒரு பெரே தொப்பி, ஒரு கண்ணாடி, பெரிதாக்கிய மூக்கு ஆகிய மூன்றே அடையாளங்களால் அவரை எங்கும் தெரிந்துகொள்ளலாம். நீங்களும் மூன்றைத் தேடுங்கள். அவற்றில் ஒன்று தலையின் வெளிக்கோட்டில் இருக்க வேண்டும். முடி, காது, தொப்பி, தலைப்பாகை எதுவாகவும் இருக்கலாம். ஒன்று உடம்பின் நிலையில் இருக்க வேண்டும். கூனிய முதுகு, ஒரு பக்கம் சாய்ந்த தோள், கையை எப்போதும் சட்டைப் பையில் வைத்திருக்கும் பழக்கம் போன்றவை. மூன்றாவது, நீங்கள் எப்போதும் கூடவே கொண்டுதிரியும் ஒரு பொருள்; காதில் செருகிய பென்சில், தோளில் தொங்கும் துணிப்பை, ஒரு பழைய சைக்கிள்.

இந்த மூன்றையும் வைத்து ஒரே தாளில் உங்களை முன்பக்கம், பக்கவாட்டு, பின்பக்கம் என மூன்று கோணங்களிலும், கோபம், பயம், களைப்பு, வெட்கம் ஆகிய நான்கு முகபாவங்களிலும் கீறி, மேசைக்கு மேலே சுவரில் ஒட்டிவையுங்கள். பின்னர் உருவங்களை முழுக்கறுப்பாக நிரப்பிப் பாருங்கள். கறுப்பு நிழலாக நிற்கும்போதும் வீட்டில் உள்ளவர்கள் அடையாளம் காட்டினால் வடிவமைப்பு முடிந்தது. உங்கள் முகத்தை மட்டும் மற்றப் பாத்திரங்களை விட நுணுக்கமாக வரையாதீர்கள். அதே தடிப்பான கோடு, அதே எளிமை. இல்லாவிட்டால் வேறொரு தாளில் இருந்து வெட்டி ஒட்டியவர் போல நிற்பீர்கள்.

முகத்தைக் காட்ட விருப்பமில்லாதவர்களுக்கும் வழி உண்டு. கிர்பியும் லீயும் முதலில் முகம் காட்டாமலே வந்தார்கள். நமக்கு மிக அருகிலும் ஒரு முன்னோடி இருக்கிறார். சவாரித் தம்பர் என்ற கேலிச்சித்திரப் பாத்திரத்தை நமக்குத் தந்த, 'சிரித்திரன்' நகைச்சுவை இதழின் ஆசிரியர் சுந்தர், தன் இதழில் வாசகர்களின் கேள்விகளுக்கு 'மகுடி' என்ற பெயரில் பதில் சொன்னார். மகுடியை எல்லோருக்கும் தெரியும். மகுடியின் பின்னால் இருந்தவரையும் பலருக்குத் தெரியும். இரண்டுக்கும் இடையில் இருந்த மெல்லிய திரையே வாசகரை இதழோடு சேர்த்துக் கட்டி வைத்திருந்தது. வரையும் கையை மட்டும் காட்டுவதும், முதுகை மட்டும் காட்டுவதும் அந்த வகையைச் சேர்ந்தவைதான்.

நான்காம் படி: இரண்டு உலகங்களுக்கும் இடையிலான வாசலை அமைத்தல்

ஓவியரும் நாயகியும் எப்படிச் சந்திக்க முடியும் என்பதற்கு உங்கள் கதையில் ஒரே ஒரு விதி இருக்க வேண்டும். மார்வல் நிறுவனத்தின் கதைகளில், நாயகர்கள் வாழும் அதே நியூயோர்க் நகரத்தில் கொமிக்ஸ் வெளியிடும் அலுவலகமும் உண்டு. நாயகர்களின் உண்மையான சாகசங்களையே அது வெளியிடுகிறது. ஆகவே டொக்டர் டூம் கதவைத் திறந்து உள்ளே வர முடிகிறது. டிசி நிறுவனம் வேறு வழியை எடுத்தது. 1968இல் 'ஃப்லாஷ்' 179ஆம் இதழில், நாயகன் வேறொரு பூமிக்கு, அதாவது நாம் வாழும் பூமிக்கு வந்துவிடுகிறான். அங்கே அவன் வெறும் கொமிக்ஸ் பாத்திரம். திரும்பிப் போவதற்கு அவனுடைய பதிப்பாசிரியர் ஜூலியஸ் ஷ்வார்ட்ஸிடமே உதவி கேட்கிறான். மூன்றாவது வழியில் ஓவியர் கடவுளாகிறார். 2004இல் 'பன்டாஸ்டிக் ஃபோர்' 511ஆம் இதழில், மார்க் வெய்டும் மைக் வியரிங்கோவும், பத்து ஆண்டுகளுக்கு முன் இறந்துபோன கிர்பியை, வரைமேசையில் பென்சிலோடு இருக்கும் கடவுளாக வரைந்தார்கள். றீட்டின் முகத்தில் இருந்த தழும்பை அவர் அழித்துவிடுகிறார். அது மாணவர்கள் ஆசானுக்குச் செய்த வணக்கம். ஒருவர் தன்னைத் தானே அப்படி வரைந்துகொள்வது தகாது.

எட்டுப் பக்கக் கதைக்கு முதலாவது வழியே போதும். சோளகி உங்கள் ஊரிலேயே இருக்கிறாள். கேற்றைத் தள்ளிக்கொண்டு விறாந்தைக்கு வருகிறாள். மேசையில் நாம் இப்போதுதான் வாசித்து முடித்த இரண்டாம் பக்கம் மை காயாமல் கிடக்கிறது. இந்த ஒரு கட்டத்தால் விதி முழுவதும் விளங்கிவிடுகிறது. விளக்க வசனம் எதுவும் வேண்டாம்.

ஐந்தாம் படி: கேள்வியையும் பதிலையும் எழுதுதல்

பேச்சுக் குமிழுக்குள் யாழ்ப்பாணப் பேச்சையே எழுதுங்கள். விபரிப்புக் கட்டத்துக்குள் எழுத்துத் தமிழை வைத்துக்கொள்ளலாம். இரண்டும் வேறுபட்டு நிற்கும்போது, விபரிப்பவர் யார், பேசுபவர் யார் என்பது தானாகத் தெளிவாகும்.

"ஏன் அண்ணை, சோளகம் வீசாத மாசத்திலை என்னைக் கொண்டுவந்து விட்டனீங்கள்?"

"எனக்குப் பட்டம் கீற ஆசையாய் இருந்தது, பிள்ளை."

அவள் கோபப்படுவதற்கு இந்தப் பதிலே போதும், ஏனென்றால் அது உண்மை. ஓவியர்கள் தங்களுக்குக் கீற விருப்பமானவற்றுக்காகவே பாத்திரங்களைத் துன்பத்துக்குள் தள்ளுகிறோம். அடுத்ததாக அவள் "மாசத்தை மாத்தி எழுதுங்கோ" என்று கேட்பாள். மாற்றக் கூடாது. அழிறப்பரை எடுத்துக் கதையைச் சரிசெய்துவிட்டால் அவள் இனி எந்த ஆபத்திலும் உண்மையில் இல்லை என்பதை வாசகர் அறிந்துவிடுவார். அதனால் நீங்கள் செய்யக்கூடியது ஒன்றுதான்: மேசையை விட்டு எழுந்து, அவளோடு கடற்கரைக்குப் போய், கயிற்றைப் பிடிப்பவர்களில் ஒருவராக நிற்பது.

யாழ்ப்பாணத்தில் வாழ்ந்துகொண்டு சூப்பர் ஹீரோ கதை எழுதுபவர் ஒருவரால் தப்பிக்க முடியாத இன்னொரு கேள்வியும் இருக்கிறது. 1941இல் ஜோ சைமனும் கிர்பியும் கப்டன் அமெரிக்காவின் முதல் இதழின் அட்டையில் ஹிட்லரின் முகத்தில் குத்து விழ வைத்தார்கள். அமெரிக்கா அப்போது போரில் இறங்கியிருக்கவும் இல்லை. ஆனால் தாளில் விழுந்த குத்து எந்த வதைமுகாமையும் திறக்கவில்லை. நமக்கும் அப்படித்தான். சோளகி கேட்பாள்: "நூலகம் எரிஞ்ச அண்டைக்கு என்னை ஏன் அனுப்பேல்லை?" 1981ஆம் ஆண்டு மே 31 இரவு தொடங்கி யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் சாம்பலாயின. அது சோளகக் காலம். அவள் தன் முழு வல்லமையோடு அங்கே வந்திருந்தாலும், அவளிடம் இருப்பது காற்று. காற்று தீயை வளர்க்கும்.

இந்தப் பதிலை ஓவியர் சொல்ல வேண்டாம். அவள் கேள்வியைக் கேட்கட்டும். அடுத்த கட்டத்தில் இருவரும் பேசாமல் இருக்கட்டும். அதற்கடுத்ததில் அவளே தன் கைகளைப் பார்த்து விளங்கிக்கொள்ளட்டும். நடந்துபோன அழிவைக் கற்பனை நாயகர் ஒருவர் வந்து தடுத்துவிட்டதாக வரைவது, அதை அனுபவித்தவர்களுக்கு முன்னால் செய்யத்தக்க செயல் அன்று என்பது என் உறுதியான எண்ணம். அந்த எல்லையைக் கதைக்குள்ளேயே நேர்மையாகக் காட்டுவதற்கு ஓவியரின் வருகையைப் போலப் பொருத்தமான உத்தி வேறு இல்லை. இதே காரணத்தால், இறந்தவர்கள், காணாமல் ஆக்கப்பட்டவர்கள் ஆகியோரின் உண்மையான முகங்களைக் கூட்டக் காட்சிகளில் அலங்காரமாகப் பயன்படுத்தாதீர்கள். அயலவர்களை வரைவதென்றாலும் கேட்டுவிட்டு வரையுங்கள். உங்களை வரைய உங்களுக்கு அனுமதி உண்டு. மற்றவர்களை வரைய அவர்களிடம்தான் அது இருக்கிறது.

ஆறாம் படி: தாள், அளவு, எழுத்து

எட்டுப் பக்கம் என்று நான் சொன்னதற்குக் காரணம், ஏ4 தாள்கள் இரண்டை இருபுறமும் அச்சிட்டு நடுவில் மடித்தால் ஏ5 அளவில் எட்டுப் பக்கச் சிறுநூல் வந்துவிடும் என்பதுதான். போட்டோக் கொப்பிக் கடை எதிலும் இதைச் செய்யலாம். வெளித்தாளின் ஒரு பக்கத்தில் 8ஆம், 1ஆம் பக்கங்களும், மறுபக்கத்தில் 2ஆம், 7ஆம் பக்கங்களும் வரும். உள்தாளில் 6ஆம், 3ஆம் பக்கங்களும், மறுபுறம் 4ஆம், 5ஆம் பக்கங்களும் வரும். 4ஆம், 5ஆம் பக்கங்கள் மட்டுமே ஒரே தாளில் இடைவெளியின்றிச் சேர்ந்திருப்பதால், பட்டங்கள் நிறைந்த வானத்தை அங்கே விரித்துவிடுங்கள். மூலை மூலையாகப் பட்டங்கள், கீழே கூட்டம், அந்தக் கூட்டத்துக்குள் கயிற்றைப் பிடித்தபடி நகத்தளவில் நீங்கள். மூன்றாம் படியில் செய்த நிழற்பரிசோதனை இங்கேதான் பயன் தரும்.

ஒவ்வொரு பக்கத்தையும் ஏ3 அளவில் வரைந்தால், ஏ5 ஆகும்போது சரியாகப் பாதியாகச் சுருங்கும். எனவே அச்சில் 3 மில்லிமீற்றர் உயரம் வேண்டிய எழுத்தை மூலத்தில் 6 மில்லிமீற்றராக எழுத வேண்டும். மெல்லிய கோடுகள் பாதியாகும்போது மறைந்துபோகலாம், 0.3 பேனையை நுணுக்கங்களுக்கும் 0.8 பேனையை உருவங்களின் வெளிக்கோட்டுக்கும் வைத்துக்கொள்ளுங்கள். வெளிர்நீலப் பென்சிலால் முதல் வரைவைப் போட்டால், கறுப்பு வெள்ளைப் பிரதியில் அது பெரும்பாலும் விழாது. அழிக்கும் வேலையும் குறையும்.

தமிழ் எழுத்துக்கு ஒரு எச்சரிக்கை. ஆங்கிலக் கொமிக்ஸ் குமிழின் அளவைப் பார்த்து நமது குமிழை வரையக் கூடாது. நமது சொற்கள் நீளமானவை. மேலே புள்ளியும் விசிறியும், கீழே உகரக் குறியும் வருவதால் வரிகளுக்கு இடையிலும் அதிக இடம் வேண்டும். ஆகவே வசனத்தை முதலில் எழுதி, அதைச் சுற்றிக் குமிழை வரைந்து, அதன் பிறகு மீதமுள்ள இடத்தில் உருவங்களை வையுங்கள். ஒரு குமிழில் பத்துச் சொற்களுக்கு மேல் போனால் இரண்டாகப் பிரியுங்கள்.

ஏழாம் படி: பக்கங்களை வரைதல்

முதலில் தீப்பெட்டி அளவில் எட்டுச் சிறு வரைவுகளைப் போட்டு, கதை ஓடுகிறதா என்று பாருங்கள். முதற் பக்கம் கடற்கரையும் சிறுவனும், இரண்டாவது சோளகியின் தோல்வி, மூன்றாவது விறாந்தையும் முதற் கேள்வியும், நடுவிரிப்பு வானம். ஆறாம் பக்கத்தில் கயிறு உங்கள் கைகளுக்குள் ஓடுகிறது. இந்தப் பக்கத்தில் கட்டங்களை ஒடுக்கமாகவும் நெடுக்காகவும் பிரித்தால் கயிறு மேலிருந்து கீழாக எல்லாக் கட்டங்களையும் ஊடறுத்துச் செல்லும். சோளகிக்கு இன்று காற்று இல்லை. ஆனால் எந்தப் பட்டம் எப்போது தலைகுத்தும் என்பது அவளுக்குத் தெரியும். அவள் சொல்லச் சொல்ல, மற்றவர்களோடு சேர்ந்து நீங்கள் இழுக்கிறீர்கள். உங்கள் வலது உள்ளங்கையைக் கயிறு அறுக்கிறது. ஏழாம் பக்கத்தில் சிறுவன் மணலில் இறங்குகிறான், கூட்டம் கலைகிறது, பொழுது படும் நேரத்தில் நூலகம் பற்றிய கேள்வி வருகிறது.

எட்டாம் பக்கத்தில் நீங்கள் மீண்டும் மேசையில் இருக்கிறீர்கள், வலது கையில் துணிக்கட்டோடு. இந்தப் பக்கத்தின் கட்டக் கோடுகளையும், உங்கள் உருவத்தையும், கடைசிக் குமிழின் எழுத்தையும் உண்மையிலேயே இடது கையால் வரையுங்கள். இடக்கைப் பழக்கம் உள்ளவர்கள் வலது கையால் வரையலாம். பழக்கமான கையால் நடுங்குவது போல வரைந்து ஏமாற்றினால் கோட்டில் தெரிந்துவிடும். ஓரிரண்டு தாள்கள் வீணாகும், பரவாயில்லை. விறாந்தைப் படியில் சோளகி உட்கார்ந்து, ஆனி மாதம் வரும்வரை காத்திருக்கிறாள். அவளை மட்டும் உங்கள் பழகிய கையால், ஏழு பக்கங்களிலும் வரைந்த அதே உறுதியான கோட்டில் வரைந்து, மை காய்ந்ததும் தாளைப் பிரதி எடுக்கக் கொண்டுபோங்கள்.